கண்ணால் காண்பதும் பொய்: நுண்ணோக்கியும் உயிரணுவும்

மாண்பமை தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, தகுதிக்கு மீறி என்னைப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, இடமின்றி நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

ஒளி நுண்ணோக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கி, ஒளிரும் சாயங்களைக் கொண்டு பார்க்கும் நுண்ணோக்கி ஆகிய மூன்றையும் பற்றி நான் பேசுவதாக அழைப்பிதழ் சொல்கிறது. மூன்றுக்கும் பொருந்தும் பழமொழி ஒன்று உண்டு: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் பல்கலைக்கழகப் படியேறாதவர். சிறிய பித்தளைத் தகட்டில் கடுகளவு லென்ஸைப் பதித்து, ஊசிமுனையில் வைத்த பொருளைத் திருகாணியால் நகர்த்தி, கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தவர். மிளகு ஊறிய நீரில் உயிர்கள் நீந்துவதாக 1676இல் லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு அவர் எழுதியபோது அறிஞர்கள் ஐயுற்றார்கள். அவரோ சளைக்காமல், ஊர்ப் பெரியவர்களையும் போதகர்களையும் அழைத்துக் காட்டி, 'நாங்களும் கண்டோம்' என்று எழுதி வாங்கி அனுப்பிவைத்தார். போதகர் கையெழுத்திட்டால் போதுமா? 1665லேயே தக்கைச் சீவலில் அறைகளைக் கண்டு 'செல்' என்று பெயரிட்ட ராபர்ட் ஹூக், 1677இல் தாமே மிளகை ஊறவைத்துப் பார்த்து, உறுப்பினர்களுக்கும் காட்டிய பிறகே ஐயம் தீர்ந்தது. தீர விசாரிப்பது என்றால் இதுதான், ஐயா!

ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது என்பதற்கான கணக்கை 1873இல் ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே வகுத்தார். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். 1931இல் ஜெர்மனியில் ரஸ்காவும் நோலும் உருவாக்கிய, ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த எல்லையைத் தாண்டும் வழியைத் திறந்தது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் பின்னர் அதில்தான் தெளிந்தன. ஆயினும் திசுவைப் பதப்படுத்தி, கன உலோகச் சாயமேற்றி, 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவி, வெற்றிடத்தில் வைத்தே வழக்கமாகப் பார்க்கிறோம். காண்பது உயிரிழந்த அணுவை. பாடநூல் படத்திலுள்ள வண்ணமோ பின்னால் பூசியது. கண்ணால் காண்பதும் பொய்! உயிரோடு, சாயமின்றிக் காண வேண்டுமானால் ஒளியலைகளின் கட்ட வேறுபாட்டை வெளிச்சமும் நிழலுமாக மாற்றிக் காட்டும், டச்சு இயற்பியலாளர் செர்னிகேயின் கட்ட மாறுபாட்டு நுண்ணோக்கியை நாட வேண்டும். அதற்காகவே அவருக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒளிரும் சாயங்களைக் கொண்டு அபேயின் எல்லையையே கடந்தவர்கள் 2014இல் நோபல் பெற்ற கதையை வேறொரு மேடைக்கு ஒத்திவைக்கிறேன். நான் வந்த காரியம் வேறு.

வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மேல்கண்ணாடியைச் சரிவாக இறக்காமல் பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். கரிய விளிம்போடு அழகாக வட்டமாய்த் தெரிவதால், புதியவர்கள் அதையே உயிரணு என்று வரைந்துவிடுவார்கள். ஆசிரியப் பெருமக்களே, புத்தகத்தைப் பார்த்துப் படியெடுத்த படத்துக்கு மதிப்பெண் தராதீர்கள். குமிழியையே வரைந்திருந்தாலும், பார்த்து வரைந்த பிள்ளைக்குத் தாருங்கள். அந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்து, மேல்கண்ணாடியை மெல்ல அழுத்தச் சொல்லி, அந்த வட்டம் நகர்வதை அதுவே காணும்வரை காத்திருங்கள்.