தலையணையை ஏன் உருவுகிறீர்கள்?

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையல் கிடையாது. அண்ணிக்குப் போன வாரம் சிசேரியன், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகுத் தண்டில் மயக்க ஊசி போட்டுச் செய்தார்கள். தாயும் சேயும் நலம். ஆனால் பார்க்க வந்த எல்லாரும் ஒரே பாட்டு: “முதுகில் ஊசியா? இனி காலத்துக்கும் இடுப்பு வலிதான்.” எனக்கு வந்ததே கோபம்!

முதல் சண்டை தலையணைக்கு. பெரியம்மா அதை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். இந்த ஊசி போட்டபின் தலை உயர்ந்தால் தலைவலி வருமாம். நான் எடுத்து வைப்பேன், அவர் உருவுவார். கடைசியில் மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டேன். “தாராளமாக வைக்கலாம், அசையாமல் படுப்பதால் தலைவலியைத் தடுக்க முடியாது” என்றார். ஜெயித்துவிட்டேன்! பெரியம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை, பரவாயில்லை.

அந்தத் தலைவலி நிஜம்தான். தண்டுவட உறையில் ஊசி போட்ட ஓட்டை வழியே உள்ளிருக்கும் நீர் கசிவதால் வருவது. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் தன் முதுகிலேயே இந்த மயக்க ஊசியைச் சோதிக்க வைத்தார். சிரிஞ்சு ஊசியில் பொருந்தாமல் நீர் ஒழுகி, நாட்கணக்கில் தலைவலியோடு படுத்தார். இன்று பென்சில் முனை ஊசி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. உறையின் நார்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். விலை கூடுதல்தான், ஆனாலும் தலைவலி நன்றாகக் குறைகிறது. குழந்தைக்குத் தொட்டில் துணி வாங்கும் செலவில் இதற்கா கணக்குப் பார்ப்பது? தலைவலி விடவே இல்லையென்றால், நம் கையிலிருந்தே 20 மில்லி அளவு இரத்தம் எடுத்து முதுகில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுகிறார்கள். பிரிட்டனில் 2009இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு 2 முதல் 4 பேருக்குத்தான். கர்ப்பமும், குனிந்து பால் கொடுப்பதும் படுத்தும் பாட்டுக்கு ஊசியைத் திட்டுகிறோம்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். முதுகுக்குள் இரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். மரத்துப்போன கால் தெளிந்து மறுபடி மரத்தாலோ, நேரமாகியும் தெளியாவிட்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 8 மணி நேரத்துக்குள் அந்தக் கட்டியை எடுத்தால் கால் மீளும் வாய்ப்பு அதிகம். காலையில் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.