கரையில் எட்டு மணி நேரம்

வணக்கம் நேயர்களே. கொச்சியில் மழை ஓயத் தொடங்கினால் ஊரில் எல்லோருக்கும் ஓணம் நினைவுக்கு வரும். எனக்கு மட்டும் கப்பல் அட்டவணை நினைவுக்கு வரும். வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்த பழக்கதோஷம். கப்பல் ஏஜென்ட் என்றால் கப்பல் வாங்கி விற்பவர் என்று என் மாமனார் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அது கல்யாண வீட்டில் தாய்மாமன் பார்க்கும் வேலை. யாரோ கல்யாணம் செய்துகொள்வார்கள். மண்டபம், தண்ணீர், பந்தி, வாசலில் வரவேற்பு எல்லாம் நம் தலையில். குறை வந்தால் பேச்சும் நமக்குத்தான்.

கொச்சிக்குச் சொகுசுக் கப்பல்கள் வரும் காலம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். அப்புறம் தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் அரபிக்கடல் யாருக்கும் சொகுசு தராது. ஆகவே துறைமுகத்தின் தயாரிப்பெல்லாம் மழைக்காலத்தில்தான். எந்தத் தேதியில் எந்தக் கப்பல், எந்தப் பெர்த் (கப்பல் வந்து நிற்கும் இடம்), எத்தனை பயணிகள், எத்தனை பேருந்து என்று கணக்குப் போடுவார்கள். மழைக்கு ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். கொச்சித் துறைமுகம் மண்ணை வாரியே பிறந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-ல் வந்து, முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி வழி செய்தார். 1928 மே 26-ல் பத்மா என்ற நீராவிக் கப்பல் உள்ளே வந்தது. வாரிய மண்ணைக் கொட்டி உருவானதுதான் நான் வேலை பார்த்த வில்லிங்டன் தீவு. சேறாகக் கிடந்த மண்ணில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரியில் எர்ணாகுளம் வார்ஃபில், அதாவது கப்பல்துறையில், சாகரிகா என்ற பயணியர் முனையத்தைத் திறந்தார்கள். செலவு 25.72 கோடி ரூபாய். நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘குரூஸ் பாரத்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2029-க்குள் சொகுசுக் கப்பல் பயணிகள் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்கு முன்பே, 2020-ல், இந்தக் கப்பல்களுக்கான துறைமுகக் கட்டணத்தையும் குறைத்திருந்தார்கள். முதல் 12 மணி நேரத்துக்கு டன்னுக்கு 35 சென்ட் என்றிருந்தது 8.5 சென்ட் ஆனது. 50,000 டன் கப்பல் என்றால் 17,500 டாலர் கட்டிய இடத்தில் 4,250 டாலர். பயணிக்குத் தலைக்கு 5 டாலர் தனி.

அந்த 12 மணி நேரம் என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல் வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வந்த கப்பலின் பயணி கரையில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், எந்தத் தெருவில் நிற்கிறார் என்று கேட்பவர் குறைவு. காலை ஏழு மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டியாயிற்று என்று வையுங்கள். குடியுரிமைச் சோதனை முடிந்து முதல் பேருந்து நகர எட்டரை, ஒன்பது. மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஏறாதவருக்காகக் கப்பல் காத்திருக்காது. ஆக, கையில் இருப்பது எட்டு மணி நேரம். அதில், கோட்டைக் கொச்சிக்குப் போகும் வழியில் தோப்பும்படிப் பக்கத்து நெரிசல் எவ்வளவு தின்னும் என்பது அந்த வழியே போனவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568-ல் கட்டிய யூதர் ஜெப ஆலயம் சனிக்கிழமை பூட்டு. வாஸ்கோட காமாவை முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை, சுற்றிப் பார்க்க முடியாது. கடவுள் புண்ணியத்தில் கப்பல் திங்களன்று வந்தால் பிழைத்தோம். ஒருமுறை சனிக்கிழமை ஒரு கப்பல் வந்தது. பூட்டிய கதவின் முன்னால் நாற்பது பேர். அவர்களில் ஒரு பாட்டி, கதவைப் பார்க்கவே கடல் தாண்டி வந்தது போல, பூட்டை நன்றாகப் படம் எடுத்துக்கொண்டார். அட்டவணை ஒரு வருடத்துக்கு முன்பே கையில் இருந்தது. கிழமை பார்க்கத்தான் ஆள் இல்லை. இதில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை.

இப்போது என் மனதுக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். கோட்டைக் கொச்சியில், ‘வெளி’ என்ற மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. டோபி கானா என்பார்கள். அங்கே துவைப்பவர்கள் நம்மவர்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் துணிகளை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள். டச்சுக்காரர் போனார், ஆங்கிலேயர் போனார், இவர்கள் போகவில்லை. இப்போதுள்ள கட்டடம் 1976-ல் வந்தது. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், ஆளுக்கொன்று. பின்னால் காயப்போடும் மைதானம். அந்தக் கொடிக்கயிற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் நுனியை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் போதும். கிளிப் கிடையாது. கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் துணி அசையும், விழாது. கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்த வேட்டி அங்கிருந்து வந்தால் தானாக நிற்கும்.

கப்பல் பேருந்துகள் அங்கே நிற்பது வழக்கம். இருபது நிமிடம். படம் எடுப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் துவைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “தம்பி, அந்தக் கப்பல்ல எத்தனை பேரு?” ஆயிரத்தைந்நூறு பேர் இருக்கும் என்றேன். “அப்போ ஆயிரத்தைந்நூறு பேரு விரிப்பு, தலையணை உறை, துண்டு. அதெல்லாம் யாரு துவைக்கிறாங்க?” கப்பலின் அடித்தளத்திலேயே பெரிய சலவை அறை உண்டு என்று விளக்கினேன். அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்: “எங்களைப் பார்க்க வர்றாங்க. துணியைக் கொண்டு வரலையே.”

நேயர்களே, அன்றிலிருந்து இந்த ஒரு வரியை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு சீசன் தொடங்கும் முன் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். விரிப்பெல்லாம் வேண்டாம், பயணிகளின் பருத்திச் சட்டைகளை மட்டும் காலையில் வாங்கி, கஞ்சி போட்டு, மாலை கேங்வேயில், அதாவது கப்பலில் ஏறும் படியில், கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று. வெயில் காலம்தானே, நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிடும். எல்லோரும் சிரித்தார்கள். ஓர் அதிகாரி, “உங்க வீட்டுச் சலவைக் கணக்கையும் சேர்த்துக்கலாமா சார்?” என்றார். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. சுங்கச் சோதனை இருக்கிறது, துணி தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி இருக்கிறது, எல்லாம் தெரியும். முடியாது என்றால் முடியாததற்குக் காரணம் சொல்லட்டும். சிரிப்பு எப்படிக் காரணமாகும்?

திரும்பவும் சொல்கிறேன்: எட்டு மணி நேரம், எந்தத் தெருவில். பேருந்து நிற்கும் தெருவுக்கு வருமானம், நிற்காத தெருவுக்குப் புகை. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகள் இப்போது கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் போகின்றன. பயணிகளில் பாதிப் பேரையாவது படகில் அனுப்பினால், தோப்பும்படியில் தொலையும் நேரம் ஊருக்குள் கிடைக்கும். கொச்சியைத் தண்ணீர் வழியாகப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் மூன்று விரல் காட்டுகிறார். மூன்று நிமிடம். நான் குறித்து வைத்ததில் பாதிகூட முடியவில்லை. செங்கடல் தகராறைப் பற்றி ஒரு வார்த்தை: ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்களுக்கு சூயஸ் கால்வாயும் செங்கடலும்தான் வழி. 2023 கடைசியில் ஏமன் பக்கமிருந்து அங்கே கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் பல நிறுவனங்கள் அந்தப் பாதையையே தவிர்த்தன. நம் துறைமுகத்தில் எவ்வளவு சுத்தமாகக் கூட்டிப் பெருக்கினாலும், ஏமனில் வெடிப்பது நம் அட்டவணையில் கோடு அடித்துவிடும். வெளிநாட்டுக் கப்பலை மட்டும் நம்பியிருந்தால் இப்படித்தான்.

அதனால்தான் தாய்த்துறைமுகம் என்ற பேச்சு. அதாவது பயணம் இங்கேயே தொடங்கி இங்கேயே முடிவது. முந்தின நாளே வந்து ஊரில் தங்குவார்கள், காய்கறியும் மீனும் இங்கே ஏற்றுவார்கள். கரையில் நிற்கும் நேரம் எட்டு மணியிலிருந்து ஒன்றரை நாளாகும். இதை விரிவாகச் சொல்லத்தான் ஆசை. கப்பல் கரையில் கட்டியிருக்கும்போது தன் எஞ்சினை அணைத்துவிட்டு ஊர் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு விரல். சரி, ஒன்றே ஒன்று. சீசனில் கொச்சிக்குப் போனால், கப்பல் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, விடியும் முன் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குப் போய்விடுங்கள். சீன வலைகளுக்குப் பக்கத்தில், வைப்பின் தீவைப் பார்த்தபடி நில்லுங்கள். முகத்துவாரம் குறுகல். பத்து மாடிக் கட்டடம் ஒன்று விளக்கெரிய உங்கள் எதிரே நடந்து போகும். மேல்தட்டில் யாராவது கையசைத்தால் பதிலுக்குக் கையசையுங்கள். வணக்கம்.