கேட்டைப் பூட்டாதீங்க மக்கா

எல்லாருக்கும் வணக்கம். நான் தூத்தூர் பக்கத்துல உள்ள கடற்கரைக்காரன். சின்ன வயசுல ஃபுட்பால்ல லெஃப்ட் விங் ஆடுனேன், முட்டி போனதுக்கப்புறம் கமிட்டி வேலைதான், சுண்ணாம்பு போட்டு லைன் அடிக்கறது, கயிறு கட்டுறது, கேட்டுல நிக்கறதுன்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபைனல் முடிஞ்சதும் ஆளுவ கிரவுண்டுக்குள்ள ஓடி வராவளே, அதப்பத்தி பேசணும்னு கூப்பிட்டாவ.

இந்தப் பேச்சு எடுத்தாலே பயலுவளுக்கு ஒழுக்கம் இல்ல, வேலி போடு, போலீஸக் கூப்பிடு, நாலு அடி போடுன்னுதான் சொல்லுவாவ. ஓடி வாறது தப்புதான், ரெஃப்ரிய அடிக்கப் போனவனையும் பாத்திருக்கேன், ஜெயிச்ச சந்தோஷத்துல கிராஸ்பார்ல நாலு பேர் தொங்கி இரும்பு போஸ்ட் அப்படியே சாயப் போனதையும் பாத்திருக்கேன், அது ஒரு கொழந்த தலையில விழுந்தா முடிஞ்சது. ஆனா ஓடி வாறதுனால மட்டும் கூட்டமா ஆளு சாகுறதில்ல. ஓடி வந்தவன பயமுறுத்தி விரட்டி, வெளிய போற வழியயும் அடச்சு வெச்சா, அங்கதான் சாவு.

எங்க ஊர்ல ஒரு செவன்ஸ் ஃபைனல், டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் கமுகுமரத்துல கட்டுன கேலரி, வெளிய போக ஒரே ஒரு முடுக்கு, அதுல ஒரு இரும்பு கேட்டு. டிக்கெட் இல்லாம ஆளு ஏறிரும்னு நாங்கதான் சங்கிலி போட்டுப் பூட்டுனோம். பெனால்டியில மேட்ச் முடிஞ்சுது, சனம் உள்ள பாஞ்சுது, யாரோ கம்ப எடுத்து விரட்டுனான், அவ்வளவுதான், மொத்த சனமும் திரும்பி முடுக்குக்கு ஓடுது, சாவி வெச்சிருந்தவன் டீ குடிக்கப் போயிருக்கான். ஒரு சின்னப் பய, பத்து பதினோரு வயசு இருக்கும், கேட்டோட கம்பியில நெஞ்சு பதிஞ்சு நிக்கான், அழுகல, வாய் மட்டும் தொறந்து தொறந்து மூடுது. சத்தம் வரல. கரமடி வல கரைக்கு வரும்போது மடிக்குள்ள கெடக்குற மீன் அப்படித்தான் வாயத் தொறக்கும், எனக்கு இன்னைக்கும் அந்த ஓர்மதான் வரும். ரெண்டு மீன்காரண்ணன்மாரு மதில்மேல ஏறி அவன கையப் பிடிச்சு தூக்கிப்போட்டாவ, பொழச்சான். சட்டையக் கழத்துனா நெஞ்சுல மூணு கம்பியோட தடம் செவந்து கெடக்கு. முடுக்கு முழுக்க செருப்பு.

அதுக்கப்புறம்தான் இதப்பத்தி வாசிக்க ஆரம்பிச்சேன். 1964 மே 24, பெரு நாட்டுல லிமா, அர்ஜென்டினாவோட மேட்ச். கோல் இல்லன்னு ரெஃப்ரி சொன்னதுக்கு ஒருத்தன் உள்ள ஓடுனான், போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டுது, சனம் படியெறங்கி ஓடுனா கீழ ஷட்டர் மூடிக் கெடக்கு, 300 பேருக்கு மேல செத்தாவ. 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவுல மலாங், கஞ்சுருஹான் ஸ்டேடியம், சொந்த டீம் தோத்துட்டுதுன்னு பயலுவ உள்ள எறங்குனானுவ, கேலரியப் பாத்தே புகைய அடிச்சாவ, 135 பேரு. ஃபிஃபா விதியில ஸ்டேடியத்துக்குள்ள அந்தப் புகையே கூடாது. 58 வருஷம் கழிச்சும் அதே படிக்கட்டு, அதே கதவு, மனசு ஆறவே மாட்டேங்குது.

இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ ஸ்டேடியம், 1989 ஏப்ரல் 15. ஆளு உள்ள ஓடக்கூடாதுன்னுதான் முன்னால இரும்பு வேலி போட்டிருந்தாவ. உள்ள நெருங்கி மூச்சு முட்டுனவன் உயிரக் காப்பாத்த வேலியில ஏறுனா, கிரவுண்டுக்குள்ள கலாட்டா பண்ண வாறானுவன்னு போலீஸ் மொதல்ல நெனச்சுது. 97 உயிரு போச்சு. அதுக்கப்புறம் அங்க வேலியவே எடுத்துட்டாவ. வேலி கேக்குற அண்ணன்மாரு இத கொஞ்சம் யோசிக்கணும்.

இன்னொண்ணு, நெரிசல்ல சாகுறவன் எல்லாம் மிதிபட்டு சாகுறதில்ல கேட்டியளா. மூணேகால் அடிக்கு மூணேகால் அடி எடத்துல நாலு பேர் நின்னா நடமாடலாம், ஆறு ஏழு பேர் ஆயிட்டுதுன்னா நம்ம காலு நம்ம சொல்லு கேக்காது, கடல் அல மாதிரி கூட்டமே நம்மள தூக்கிட்டுப் போவும், நெஞ்சு விரிய எடம் இல்லாம நின்ன நிலையிலயே மூச்சு நிக்கும். பின்னால இருந்து தள்ளுறவனுக்கு முன்னால நடக்குறது தெரியவே தெரியாது, அவன் கெட்டவனும் இல்ல. நீங்க மாட்டிக்கிட்டா ரெண்டு கையயும் நெஞ்சுக்கு முன்னால மடக்கி வெச்சு எடம் பிடிச்சுக்கிடுங்க, எதுத்துத் தள்ளாதீங்க, அல நிக்கும்போது பைய பக்கவாட்டுல நகருங்க, செருப்பு போனா போட்டும், குனியவே குனியாதீங்க.

கேலரியயும் சொல்லணும். 2022 மார்ச்சுல மலப்புறம் மாவட்டத்துல ஒரு செவன்ஸ் ஃபைனல்ல தற்காலிக கேலரி சரிஞ்சு நெறய பேருக்கு அடி. நம்ம ஊர்லயும் அதே கமுகுதான், அதே கயிறுதான், மழ பெஞ்சா கட்டு எளகும், மேட்ச் அன்னைக்கு காலைல ஒருத்தன் ஒவ்வொரு கட்டா இழுத்துப் பாக்கணும், நூறு பேருக்குக் கட்டுனதுல எரநூறு பேர ஏத்தக் கூடாது.

இப்ப எங்க கமிட்டியில மேட்ச் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போதே எல்லா வழியயும் தொறந்துருவோம், அந்த நேரத்துல ஓசியில நூறு பேர் ஏறுனா ஏறட்டும். மதில்ல ஒரு பக்கம் இடிச்சு ரெண்டாவது வழி விட்டாச்சு, அதுக்கு ஊர்ல ஒரு வருஷம் சண்ட நடந்துது. விசில் அடிச்ச உடனே ரெஃப்ரியயும் தோத்த டீமயும் ஓரமா கூட்டிட்டுப் போக ஆறு பேர், கம்பு யாரு கையிலயும் கெடையாது. மைக்குல, மக்கா ஓடாத, நடந்து வா, கப்பு இங்கதான் இருக்குன்னு அண்ணன் ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருப்பாரு, போஸ்டு பக்கத்துல ரெண்டு பேர் நிப்பாவ, யாரும் தொங்கக் கூடாது.

சங்கிலியும் பூட்டும் இப்ப இல்ல. கேட்ட கயித்துல உருவு முடிச்சு போட்டுத்தான் கட்டி வெச்சிருக்கோம், சின்னப் பிள்ள ஒண்ணு இழுத்தாலும் அவுந்துரும். இந்த டிசம்பர்ல டோர்னமென்ட் தொடங்குது, அந்த முடிச்சுப் பக்கத்துல நான் நிப்பேன்.