மத்திய தரைக்கடல் குளமா? கோர்சிகாவை யாட்டில் சுற்றுவது பற்றி ஒரு சந்தேகம்

சரி, அடுத்தது. ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, மத்திய தரைக்கடல் குளம் மாதிரி அமைதியா இருக்கும்னு சொல்றாங்க. ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர் ஜூலைல ஒரு வாரம் பாய்மர யாட் வாடகைக்கு எடுத்து, பிரான்ஸோட கோர்சிகா தீவுல, மேற்குக் கரையில வடக்கே இருக்கிற கால்விலேர்ந்து தெற்கு முனைல இருக்கிற பொனிஃபாசியோ வரைக்கும் போயிட்டுத் திரும்ப முடியுமா? லைசென்ஸ் வேணுமா?"

ஓதம், அதாவது கடல் தண்ணி தினம் ஏறி இறங்குறது, அங்க பெரிசா இல்லைங்கிறது உண்மைதான் தம்பி, தண்ணி ஒரு முழம்கூட ஏறாது. அதை வெச்சுக் குளம்னு நினைச்சுடாதீங்க. அங்க எல்லாத்தையும் முடிவு பண்றது காத்து. நம்ம கடற்கரைல வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு சொல்வாங்கல்ல, அங்கயும் திசைக்கு ஒரு பேர் உண்டு. தென்மேற்குன்னா லிபெச்சு, வடமேற்குன்னா மேஸ்ட்ரால். நீங்க போற கரை இந்த ரெண்டுக்கும் நெஞ்சைக் காட்டிட்டு நிக்குது. அலை நெருக்கமா, செங்குத்தா வரும். ஒண்ணை ஏறி இறங்குறதுக்குள்ள அடுத்தது படகோட முன்பக்கமான அணியத்துல அறையும்.

கால்விலேர்ந்து பொனிஃபாசியோ சுமார் 100 கடல் மைல். போறது சரி, அதே தூரம் திரும்பணுமே? எதிர்க்காத்துல பாய்மரப் படகு நேரா போகாது, வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். தூரம் ஒண்ணரை மடங்கு ஆயிடும். அதனால அஜாக்சியோங்கிற ஊர்ல படகு எடுங்க. நடுவுல இருக்கு. அன்னைக்கு முன்னறிவிப்பைப் பார்த்துட்டு வடக்கா தெற்கான்னு முடிவு பண்ணலாம்.

வடக்கே போனா ஜிரோலாத்தாங்கிற கிராமம். ரோடே கிடையாது, படகுல வரணும், இல்லாட்டி நடந்து வரணும். பக்கத்துல ஸ்கான்டோலா இயற்கைக் காப்பகம், செக்கச்செவேல்னு எரிமலைப் பாறை, 1983லேயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தாச்சு. தெற்கே போனா பொனிஃபாசியோ. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் சுவர், கிட்ட போற வரைக்கும் துறைமுக வாசலே கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதைத் தாண்டினா நீரிணை. எதிர்ல இத்தாலியோட சார்டினியா தீவுக்கு 12 கிலோமீட்டர்தான், காத்து புனல்ல ஊத்தின மாதிரி வரும். 1855ல செமியாந்த்ங்கிற பிரெஞ்சுப் போர்க்கப்பல் அங்க லாவெட்சித் தீவுப் பாறைல மோதி, இருந்த கிட்டத்தட்ட 700 பேர்ல ஒருத்தர்கூட மிஞ்சல.

நங்கூரம் போடுறதுதான் புதுசா வர்றவங்க சறுக்குற இடம். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், எட்டிப் பாருங்க. வெளிர்நீலமா தெரிஞ்சா மணல், கருப்புத் திட்டா தெரிஞ்சா பொசிடோனியாங்கிற கடற்புல். புல்லுல போடவே போடாதீங்க. அது பாதுகாக்கப்பட்டது, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். போட்டாலும் சரியாப் பிடிக்காது. எனக்கே நடந்திருக்கு. சாயந்திரம் சோம்பேறித்தனமா ஒரு திட்டோட ஓரத்துல போட்டுட்டுப் படுத்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மலைலேர்ந்து காத்து இறங்குச்சு. தீவு நடுவுல 2,700 மீட்டர் மலை நிக்குதுல்ல! சங்கிலி கரகரன்னு இழுபடுற சத்தத்துல முழிச்சுப் பார்த்தா, பக்கத்துப் படகு கை நீட்டினா தொடுற தூரத்துல. நங்கூரத்தைத் தூக்குனா ஒரு கூடை புல்லு தொங்குது. அதனால மணல் பார்த்துப் போட்டு, ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு சங்கிலி விடுங்க. அப்புறம் இன்ஜினைப் பின்னால கொடுத்து இழுத்துப் பார்த்துட்டு, மூழ்கிக் கண்ணால பாருங்க.

2022 ஆகஸ்ட் 18 காலைல அந்தக் கரையில மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல காத்து அடிச்சுது. தீவுல அஞ்சு பேர் செத்தாங்க, எத்தனையோ படகு கரையேறி உடைஞ்சுது. முந்தின நாள் முன்னறிவிப்புல அவ்வளவு பெரிசா எதுவும் இல்ல. பயமுறுத்தலை தம்பி. தினம் ஒதுங்குறதுக்கு இன்னொரு குடாவை வரைபடத்துல குறிச்சு வெச்சுக்கிட்டுத்தான் கிளம்பணும்.

லைசென்ஸ் கேட்டிருந்தீங்க. பிரெஞ்சுக் கொடிப் பாய்மரப் படகுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா வாடகைக்கு விடுறவங்க அனுபவம் என்னன்னு கேப்பாங்க. ஆறு பேர்ல ஒருத்தருக்கும் பாய் பிடிச்சுப் பழக்கம் இல்லைன்னா கூடவே ஒரு கேப்டனையும் அமர்த்திக்குங்க. செலவை ஆறா பிரிச்சா பெரிசா தெரியாது. அப்புறம், அவருக்கும் ஒரு படுக்கை வேணும், மறந்துடாதீங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.