எங்கம்மா கலக்குன தீவனமும் நேரியல் சேர்க்கையும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. தலைப்பப் பாத்ததும் பின்னாடி பெஞ்சுல பிள்ளைங்க மூஞ்சி சுருங்குனத நான் பாத்தேன். பாலக்காட்டுல தமிழ் மீடியம் படிக்கற நம்ம பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி கணக்கத் தமிழ்ல ஒக்காந்து சொல்லித்தர ஆளு கெடைக்கறதே செரமம், அதுக்காகத்தான் இன்னைக்கு கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன்.

எங்கம்மா சாயங்காலமானா தொட்டியில கடலைப்பிண்ணாக்கு ஒரு பங்கு, தவிடு மூணு பங்கு போட்டு, முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பிசைவாங்க. பிண்ணாக்குல புரதம் நூத்துக்கு 44, தவிட்டுல 12ன்னு வச்சுக்கங்க. 44ல கால்வாசி 11, 12ல முக்கால்வாசி 9, கூட்டுனா 20. ஒவ்வொண்ணையும் ஒரு எண்ணால பெருக்கு, எல்லாத்தையும் கூட்டு, நேரியல் சேர்க்கைங்கறது அவ்வளவுதாங்க.

செரி, 50 வேணும்னா? எப்படிக் கலந்தாலும் வராது, 12க்கும் 44க்கும் நடுவுலதான் நிக்கும். நோட்டுல போட்டா வரும், ஆனா தவிடு மைனஸ்ல போயிரும். கணக்குல மைனஸ விடலாம், தொட்டியில விட முடியாது. எந்த எண்ண விடலாம் எத விடக்கூடாதுன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கணும், பாதி வேலை அதுலயே இருக்குது.

மூணாவதா பருத்திக்கொட்டையும் வந்துட்டா 20ஐ எட்ட ஏகப்பட்ட வழி. அதுல எது செலவு கம்மி? 1945ல ஜார்ஜ் ஸ்டிக்லர்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதையே மனுசனுக்குக் கேட்டாரு: 77 சாப்பாட்டுச் சாமான், 9 சத்து, வருசத்துக்கு எவ்வளவுல முடிக்கலாம்? தோராயமா அவரு போட்டது 39.93 டாலர். 1947ல ஜார்ஜ் டான்ட்சிக்னு ஒரு அமெரிக்கக் கணித அறிஞர், இப்படி இருக்கற வழியில செலவு கம்மியானதப் படிப்படியாத் தேடிப் புடிக்கற சிம்ப்ளெக்ஸ் முறையக் கண்டுபிடிச்ச பொறகு அத வச்சு இந்தக் கணக்கப் போட்டாங்க, 9 பேரு, கையால இயக்கற மிசினு, 120 ஆள் நாள் வேலை! வந்தது 39.69. வித்தியாசம் 24 சென்ட்தான், ஆனா இதுக்குக் கீழ வழியே இல்லன்னு உறுதியாச்சு பாருங்க, எனக்கு அதுதான் பெருசு.

பிண்ணாக்கு வெல ஏறுன மாசம் எங்கம்மா ஒரு கை கொறச்சுட்டு பருத்திக்கொட்டைய ஆட்டி ஊத்துவாங்க. அந்த ஒரு கைக்கு எத்தன படி ஆட்டணும்? போர்டுல போட்டுப் பாப்போம், சாக்பீஸ் எடுத்துட்டு யாரு வர்றீங்க கண்ணுகளா?