பள்ளி மணி அடித்த பிறகு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பெற்றோர் சங்கத்து அன்பர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். தலைவர் பேச ஆரம்பித்தால் மணிக்கணக்கில் பேசக்கூடியவர். இன்று ரத்தினச் சுருக்கமாக முடித்துக்கொண்டதற்குத் தனி நன்றி.

மாணவர் மனநலம் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: இரவு நேர உதவி எண், ஆலோசகர் பயிற்சி, பெற்றோர் பங்கு.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சரி, எங்கே போய் அழுவது? பள்ளி ஆலோசகர் சாயங்காலம் அறையைப் பூட்டிவிடுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் மதிப்பெண் கவலையும், வகுப்புக் குழுவில் வந்த கேலியும் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் மனசைப் பிடுங்கித் தின்னும்.

சாட் வாரா என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். 1935இல் அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு 14 வயதுப் பெண்ணுக்கு. பூப்பெய்தியதை ஏதோ கொடிய நோய் என்று நினைத்துப் பயந்து தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். கேட்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்! அது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. 1953இல் லண்டன் தேவாலயம் ஒன்றில் தொலைபேசி உதவி ஆரம்பிக்கிறார். எளிதில் நினைவில் நிற்க 9000 என்ற எண் வேண்டுமென்று தொலைபேசி நிலையத்தைக் கேட்கிறார். ‘இப்போது உங்கள் எண் என்ன?’ என்கிறார்கள். கருவியில் படிந்த தூசியைத் துடைத்துப் பார்த்தால், அதே 9000! (கைதட்டல்) இன்னும் கேளுங்கள். அவரைப் பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தொண்டர்கள் இருந்தார்கள். அந்தத் தொண்டர்களிடம் பேசிவிட்டே பலர் பாரம் இறங்கிப் போனார்களாம், பாதிரியாரைப் பார்க்காமலே. சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்த கதை இது.

இப்போது உதவி எண்ணுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிக்கு 14416. இரண்டும் 2022இல் வந்தவை, இரவு பகல் இயங்குபவை. 14416இல் தமிழிலேயே பேசலாம். அழுத பிள்ளை பால் குடிக்கும். ஆனால் அந்த எண் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? சுவரொட்டியில் இருக்கிறதே என்பீர்கள். சுவரொட்டி பள்ளிக்குள்ளே, பிள்ளை வீட்டிலே.

இனி நான் போகிற மேடையெல்லாம் சொல்வதுதான். மாணவர் அடையாள அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘கண்டெடுத்தால் இந்த முகவரியில் ஒப்படைக்கவும்’ என்றிருக்கும். அட்டை தொலைந்தால் வழி சொல்லியிருக்கிறோம். பிள்ளை மனம் தொலைந்து நின்றால்? கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல், 7ஆம் வகுப்பு தொடங்கி 12 வரை, அட்டையில் உதவி எண்ணை அச்சிட வேண்டுமென்று சட்டமே இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அட்டை அச்சுக்குப் போகும்போது ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

பக்கத்து அறையில் அப்பா தூங்கும்போது வாய்விட்டுப் பேச முடியாது. குறுஞ்செய்தி வழியும் வேண்டும். அதை விரிவாகச் சொல்லலாம், ஆனால் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பயிற்சியும் பெற்றோர் பங்கும் அடுத்த கூட்டத்தில். தாளாளருக்கான கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், பேனாவை மட்டும் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.