பிள்ளையின் படிப்பில் யாருடைய வேலை எது?

(கொழும்பில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், அம்மாமார் அப்பாமாருக்கும், பேரப்பிள்ளைகளுக்காக வந்திருக்கும் அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் வணக்கம்.

பிள்ளையின் படிப்பு பாடசாலைக்கும் வீட்டுக்கும் பொதுப் பொறுப்பு என்று பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கொழும்பில் ஐம்பது குடும்பம் பாவிக்கும் பொதுக் குழாய் ஒழுகினால் அதைத் திருத்துவது யார் வேலை என்று தெரியாமல் நாள்கணக்கில் ஒழுகும். பொதுப் பொறுப்பின் கதி அதுதான். ஆகவே இன்று இந்தப் பொறுப்பைப் பிரித்து, யார் பங்கு எது என்று பார்ப்போம்.

கற்பிப்பதும், பிள்ளை எங்கே பிழை விடுகிறது என்று கண்டுபிடிப்பதும் பாடசாலையின் வேலை. நித்திரை கொண்ட உடம்போடும் சாப்பிட்ட வயிற்றோடும் நேரத்துக்குப் பிள்ளையை அனுப்புவதும், படிக்க ஒரு நேரத்தை வீட்டில் காப்பாற்றிக் கொடுப்பதும், படித்து என்னவாகலாம் என்று பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பதும் வீட்டின் வேலை. நம்மூரில் நடப்பது தலைகீழ். அம்மா கணக்குப் படிப்பிக்கிறார். ஆசிரியர் "வீட்டில் கவனிப்பில்லை" என்று குடும்பத்தைத் திருத்தப் பார்க்கிறார். இருவர் விட்ட இடத்தையும் ரியூசன் நிரப்புகிறது. 1945இல் இலவசக் கல்வி வந்து பாடசாலைக் கட்டணத்தை ஒழித்தது. அதைவிடப் பெரிய கட்டணத்தை இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிப்படி ஏறிப்போய் ரியூசனுக்குக் கட்டிவிட்டு வருகிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் தரம் 3இல் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். வீட்டில் உடனே வரும் தீர்ப்பு, "கவனமில்லை". இன்னும் பத்துக் கணக்குச் செய் என்ற தண்டனையும் கூடவே வரும். ஆனால் அந்தப் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. 2இலிருந்து 7 போகாது என்று கண்டு, 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று போட்டது. பிறகு 5இலிருந்து 2 போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று தனக்குள் ஒரு விதி வைத்திருக்கிறது. சோதித்துப் பாருங்கள்: 81இலிருந்து 46ஐக் கழிக்கக் கொடுத்தால் அதே பிள்ளை 45 என்று எழுதும். 64இலிருந்து 21ஐக் கழிக்கக் கொடுத்தால் சரியாக 43 என்று எழுதும், அங்கே அந்த விதி இடறுவதில்லை. இதனால் கொப்பியில் பாதி சரி, பாதி பிழை. பார்ப்பவருக்கு அது அசட்டையாகத் தெரிகிறது. பத்துக் கணக்கு மேலதிகமாகக் கொடுத்தால் அந்தப் பிழையான விதிக்குத்தான் பத்துத் தடவை பயிற்சி கிடைக்கிறது.

இதைத் திருத்த ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் வைத்து, அதிலிருந்து 27ஐ எடுக்கச் சொன்னால் பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். நான்கு கட்டும் பன்னிரண்டு தனியும் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகுதான் எழுத்து முறை. வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா தான் படித்த காலத்து முறையில், "பக்கத்தில் கடன் வாங்கு, மேலே ஒன்று போடு" என்று சொல்லிக் கொடுக்கிறார். ரியூசனில் மூன்றாவது முறை. மூன்று முறையிலும் ஒவ்வொரு துண்டு பிள்ளையின் தலையில் நிற்கிறது. அரையும் மூன்றிலொன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் தரம் 6 பிள்ளைக்கும் இதே நிலைதான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுகிறது. ஐந்தில் இரண்டு அரையை விடக் குறைவல்லவா, கூட்டினால் குறையுமா என்று ஒரு கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை.

அப்படியென்றால் வீட்டுப்பயிற்சியில் பெற்றோர் என்னதான் செய்வது? வகுப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்பது அமெரிக்காவில் ஆசிரியர்கள் வைத்திருக்கும் பொது அளவு: தரம் 3க்கு அரை மணி, தரம் 6க்கு ஒரு மணி. அந்த நேரம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். கொப்பியில், "30 நிமிடம் முயன்றான். 3ஆம், 5ஆம் கணக்கு விளங்கவில்லை" என்று எழுதிக் கையொப்பம் இடுங்கள். பென்சிலை நீங்கள் வாங்காதீர்கள். ஒப்படைகளை இரவிரவாக இருந்து ஒட்டிக் கொடுக்கும் அப்பாமாருக்கும் இதையே சொல்கிறேன். அந்தப் புள்ளி உங்களுடையது. ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பாதி உண்டு. அந்தக் குறிப்போடு வரும் பிள்ளையை முழங்காலில் வைத்தால் அடுத்த நாளிலிருந்து அம்மா பென்சிலை எடுப்பார், உங்களுக்கு எல்லாக் கணக்கும் சரியாக வரும், தவணைப் பரீட்சை வரை எதுவும் தெரியவராது. உடல்தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் சொல்கிறது.

பெற்றோர் படிப்பித்துக் கொடுப்பதால் பலன் வருகிறதா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர் இடைநிலை வகுப்புப் பிள்ளைகள் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எதிர்காலம், இலக்கு, படிப்பின் பயன் என்று வீட்டில் பேசுவதற்கும் பெறுபேற்றுக்கும்தான் வலுவான தொடர்பு தெரிந்தது. வீட்டுப்பயிற்சியில் கைகொடுப்பதற்கு அப்படிப்பட்ட நல்ல தொடர்பு இல்லை. அங்கே கண்டது இங்கே அப்படியே பொருந்தும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சாதாரண தரம் படிக்காத அம்மாவும், நாள் முழுக்கப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் அப்பாவும் தங்களால் ஒன்றும் முடியாது என்று ஒதுங்கி நிற்கிறார்களே, அவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அவர்கள் செய்யக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். நம் பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தை ஆடி ஆடிப் பாடமாக்குவதைப் பார்த்துப் பூரிக்கிறோம். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். புத்தகத்தை வாங்கி மூடி, "இப்போது சொல்லு" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எங்கே தடுமாறுகிறது என்பது முகத்திலேயே தெரியும். அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்க விடுங்கள்.

சின்ன வகுப்புகளில் வாசிப்புக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. தரம் 1, 2 பிள்ளை பாடநூலைக் கடகடவென்று வாசித்தால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு நடு வரியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடமாக்கி ஒப்புவிக்கும் பிள்ளை அங்கே நின்றுவிடும். கொழும்பில் சிங்கள அல்லது ஆங்கில மொண்டிசோரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் தமிழ் மொழிமூலம் தரம் 1இல் சேரும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு எகர ஏகாரக் கொம்பும், ரகர றகரமும், லகர ளகர ழகரமும் ஒரே நாளில் புதிதாக வருகின்றன. அனுமதிப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி, முன்பள்ளியில் என்ன மொழி என்று கேட்டு எழுதினால், பிள்ளை மந்தம் என்ற பட்டம் பல இடங்களில் தேவைப்படாது. தரம் 6இல் ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றுவது பற்றியும் ஒரு சொல். தமிழில் தரம் 5 பாடநூலை விளங்கி வாசிக்கும் பிள்ளைக்கு அது ஏற்கும். அங்கே தடுமாறும் பிள்ளையை அயல்வீட்டுக்காகக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் படிக்க விட்டால் இரண்டு மொழியிலும் அரைகுறையாக நிற்கும்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணிநேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணிநேரமும் நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. வத்தளையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் பதினொரு வயதுப் பிள்ளை பாடசாலை வானைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழும்புகிறது. 9 மணிநேரம் வேண்டுமென்றால் இரவு 8 மணிக்குப் படுக்க வேண்டும். ரியூசன் முடிவது ஏழரைக்கு. வீடு வந்து சேர எட்டரை. சாப்பாடும் பயிற்சியும் இனித்தான். எதையாவது விட்டே ஆக வேண்டும், நாம் எப்போதும் நித்திரையை விடுகிறோம். பாடசாலையில் எட்டுப் பாடவேளையும் கொட்டாவி விடும் பிள்ளைக்கு மாலையில் காசு கொடுத்து அதே பாடத்தைத் திரும்ப வாங்குகிறோம். ரியூசனே கூடாது என்று சொல்லவில்லை. எந்தப் பாடத்தில் எந்த அலகுக்காக அனுப்புகிறோம் என்று சொல்லத் தெரியாவிட்டால் அந்த வகுப்பை நிறுத்தலாம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றிப் பேசப் போனால் பொழுது போய்விடும். ஒன்று மட்டும்: வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும், நல்ல பாடசாலையில் இடமும் தருவதற்கான பரீட்சை அது. 13ஆம் தரம் வரை உள்ள கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையை, வீட்டில் வசதியும் இருக்க, வெட்டுப்புள்ளிக்காக இரண்டு வருடம் வாட்டுவது எதற்கு என்று அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

வரவைப் பாருங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது; ஒரு பாடவேளை 40 நிமிடம், நாளுக்கு எட்டுப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் இரண்டு நாள் எட்டேகாலுக்கு வரும் பிள்ளை 12 வாரத் தவணையில் 24 முதற்பாடவேளைகளை இழக்கிறது. அது முழுதாக மூன்று நாள். இடாப்பிலோ எல்லா நாளும் வந்ததாகவே இருக்கும். நேரசூசியில் முதற்பாடவேளை கணிதமாக இருந்தால் இழப்பு முழுவதும் ஒரே பாடத்தில் விழும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் போதுமான அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். 80 சதவீதம் என்றால் வாரத்துக்கு ஒரு நாள் வரவில்லை என்று பொருள்.

பாடசாலைப் பக்கத்தில் பெரிய ஓட்டை, தகவல் பிந்தி வருவதுதான். தவணைப் பரீட்சை கடைசி வாரங்களில். தேர்ச்சி அறிக்கை பல இடங்களில் விடுமுறை கழிந்து. அதற்குள் பாடம் அடுத்த அலகுக்குப் போய்விடும். 42 புள்ளி என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்துப் பெற்றோர் என்ன செய்வார்? அடிப்பார், அல்லது இன்னொரு ரியூசனில் சேர்ப்பார். தவணையின் நான்காம், எட்டாம் வாரங்களில் ஐந்து கேள்வி, பத்து நிமிடம் என்று ஒரு சிறு சோதனை வைத்து, பிழைத்த அலகின் பெயரைக் கொப்பியில் எழுதி அனுப்பினால் அறிக்கையை விட அது பயன்படும். பரிகாரக் கற்பித்தலுக்கு யாரை எடுப்பது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். திருத்திய விடைத்தாள் பிள்ளையின் கைக்கு வர வேண்டும். தெரியாமல் விட்டது, தெரிந்தும் பிழைத்தது, நேரம் போதாமல் விட்டது என்று மூன்று நிறப் பேனாவால் பிள்ளையே குறிக்கட்டும். மூன்றுக்கும் மருந்து வேறு.

சாதாரண தரக் கணிதத்தில் இது உயிர்நாடி. முதலாம் வினாத்தாள் இரண்டு மணிநேரம். அதில் பகுதி 'அ'வில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பகுதி 'ஆ'வில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10. உயர்தரத்துக்குப் போக முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். கணிதம் தடுக்கிவிடும் பிள்ளைகளின் விடைத்தாளில் பிழையான விடையை விட வெற்றிடம்தான் கூடுதல். 25 குறுவினாக்களை 40 நிமிடத்தில் செய்யும் பயிற்சி தரம் 10இலேயே தொடங்க வேண்டும். அதற்கு வீட்டில் வேண்டியது ஒரு மணிக்கூடும், கடந்தகால வினாத்தாளும், தொலைக்காட்சியை அணைக்கும் ஒருவரும்.

பெற்றோர் கூட்டம். 40 பிள்ளை உள்ள வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் 400 நிமிடம், ஆறு மணி நாற்பது நிமிடம். ஒரே நாளில் நடக்காது. அதனால்தான் மண்டபத்தில் உட்கார வைத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயின்ற் கணக்கை வாசித்து அனுப்பிவிடுகிறோம். முதலில் தேவையுள்ள பன்னிரண்டு பேரை அழையுங்கள், இரண்டு மணிநேரத்தில் முடியும். நாட்கூலிக்காரரைச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அழைத்துவிட்டு வரவில்லை என்று குறைப்படக் கூடாது. பெற்றோரும், "பிள்ளை எப்படிப் படிக்கிறான், ரீச்சர்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். "எந்த அலகில் நிற்கிறான், இந்த மாதம் வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். வட்ஸ்அப் குழுவில் புள்ளிகளைப் போடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துவோம்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10இல் நடக்கிறது. கண் பார்க்க வேண்டும் என்று கொடுத்துவிடும் துண்டு பல வீடுகளில் புத்தகப் பைக்குள்ளேயே கிடக்கிறது. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும், பிழையோடு சேர்த்து. வகுப்பாசிரியர் ஒரு மாதம் கழித்து அந்தத் துண்டைக் கேட்க வேண்டும். போகாதவர்களைத் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். இடாப்பில் அம்மாவின் பழைய இலக்கம் இருக்கும், அழைத்தால் எடுக்க ஆளில்லை. தேர்ச்சி அறிக்கையில் யாரோ கையொப்பம் இட்டிருப்பார்கள், சில வேளை பிள்ளையே. ஒவ்வொரு தவணையின் முதல் வாரத்திலும் வகுப்பாசிரியர் இரண்டு இலக்கம் எழுதி எடுக்கட்டும்: பிள்ளை இரவில் யார் வீட்டில் படுக்கிறதோ அவருடையது ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் தாயின் வட்ஸ்அப் இலக்கம் இன்னொன்று. நான்காம் வாரச் சோதனையின் முடிவு இரண்டு பேருக்கும் போகட்டும். அம்மம்மா பிள்ளையை நேரத்துக்குப் படுக்க வைப்பார். அம்மா வெள்ளிக்கிழமை அழைக்கும்போது சாப்பிட்டாயா என்பதோடு, பின்னம் விளங்கியதா என்றும் கேட்பார்.